ஸ்னோஃப்ளேக்கைப் பற்றி விலைக்கு வாங்கிய 14 பக்கம்

2025 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. மாலை ஆறரைக்கு ஷிஃப்ட் தொடங்கி, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கம்பெனிகளின் டேட்டாவைக் கிளவுடில் வைத்து அலசித் தரும் ஸ்னோஃப்ளேக் என்ற அமெரிக்கக் கம்பெனியைப் பற்றிய 14 பக்க பிடிஎஃப் மெயிலில் வந்து கிடந்தது. அனுப்பியது, நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கும் ஒரு விற்பனைத் தகவல் சேவை. எந்தக் கம்பெனியின் பெயரைத் தட்டினாலும் அதன் ‘அக்கவுண்ட் புரொஃபைல்’ வந்துவிடும். யார் சிஇஓ, எத்தனை ஊழியர்கள், என்னென்ன மென்பொருள் வாங்குகிறார்கள், யாருக்குப் போன் போடலாம், எல்லாம் அதில் இருக்கும். ஆறு பேர் பயன்படுத்த ஆறு சீட் வாங்கியிருக்கிறோம். அந்தக் காசுக்கு ஒரு புது ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம். குறை சொல்லப்போவதால் சேவையின் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, இந்த வகையில் நான் பார்த்த மூன்று நான்கும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான்.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருங்குடியில் ஒரு மாடி, 38 பேர். கிளவுடில் டேட்டா வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மாதா மாதம் பில் வரும் அல்லவா, அதில் எந்த வேலை எவ்வளவு காசைத் தின்கிறது என்று பிரித்துக் காட்டும் மென்பொருள் செய்கிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில். அவர்களுக்கு முதல் போனும் முதல் மெயிலும் போடும் ஆறு பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் ஸ்னோஃப்ளேக்கில்தான் டேட்டா வைத்திருக்கிறார்கள். அதனால், “அந்தக் கம்பெனியை ஒழுங்காகப் படித்து வையுங்கள், கூட்டு சேர வழி இருக்கிறதா பாருங்கள்” என்று மேலிடத்து உத்தரவு.

பிடிஎஃப்பைத் திறந்தேன். அட்டை நன்றாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில், தலைமையகம் சான் மேட்டியோ, கலிஃபோர்னியா. தனக்கென்று தலைமையகம் கிடையாது என்று 2021-லேயே சொல்லிவிட்ட கம்பெனி அது. சட்டத்துக்காக அப்போது ஆவணங்களில் காட்டிய முகவரி மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற சின்ன ஊர். அடுத்த வரியில், சிஇஓ ஃபிராங்க் ஸ்லூட்மன். அவர் நாற்காலியை விட்டு இறங்கியது 2024 பிப்ரவரியில். நான் படித்துக்கொண்டிருப்பது அதற்கு 14 மாதம் கழித்து. பிறகு இரண்டு பக்கம் முழுக்க ஐபிஓ, அதாவது முதன்முதலாகப் பங்கை வெளியாருக்கு விற்ற கதை. 2020 செப்டம்பரில் 120 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 250-ஐத் தாண்டியது, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயே வாங்கியது என்று. உண்மைதான். 2024-ல் பெர்க்‌ஷயர் அதை மொத்தமாக விற்றுவிட்டதும் உண்மை, அது மட்டும் அதில் இல்லை.

என்னை உட்கார வைத்தது ஒன்பதாம் பக்கம். ‘இந்தக் கம்பெனியின் வலிகள்’ என்று தலைப்பு. கீழே: டேட்டா பல இடங்களில் சிதறிக் கிடப்பது, டிஜிட்டல் மாற்றத்தின் சவால்கள், திறமையான ஆள் பற்றாக்குறை. ஐயா, டேட்டா சிதறிக் கிடப்பதற்கு மருந்து விற்பதே அந்தக் கம்பெனிதான். மருந்துக்கடைக்காரரிடம் போய், உங்களுக்குத் தலைவலியாமே, மாத்திரை வேண்டுமா என்று கேட்டு நிற்கச் சொல்கிறது இந்தப் பக்கம்.

மருந்துக்கடை என்று வாயில் வருவதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் மெடிக்கல் ரெப்பாக மதுரை, திண்டுக்கல், தேனி என்று பைக்கில் சுற்றியவன் நான். என் முதல் மேனேஜர் ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருந்தார். ஒரு டாக்டருக்கு ஒரு பக்கம். டாக்டர் எங்கே படித்தார், என்ன பட்டம் என்பதெல்லாம் பக்கத்தின் அடியில், பென்சிலில். மேலே பேனாவில் இருப்பது மூன்றே விஷயம்: காலை ஓபி எத்தனை டோக்கன், சீட்டு எந்த மெடிக்கலுக்குப் போகிறது, அந்த மெடிக்கலில் நம் சரக்கு எத்தனை நாளில் தீர்கிறது. “டாக்டரைப் பத்தித் தெரிஞ்சுக்கிறது அப்புறம் தம்பி. சீட்டு எங்க போகுதுன்னு பாரு” என்பார்.

அந்த நோட்டைப் போல ஒரு பக்கம் ஸ்னோஃப்ளேக்குக்கு எழுத முடியுமா என்று பார்க்கத் தோன்றியது. அதற்குச் சந்தாவே தேவைப்படவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருக்கும் ஒவ்வொரு அமெரிக்கக் கம்பெனியும் வருஷா வருஷம் அரசிடம் தரவேண்டிய 10-கே என்ற அறிக்கை, எட்கர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் வரும் பெருமைப் பேச்சைத் தள்ளிவிட்டு, ‘ரிஸ்க் ஃபேக்டர்ஸ்’ என்ற பகுதிக்கு நேராகப் போய்விட வேண்டும். என்னென்ன தப்பாகப் போகலாம் என்று கம்பெனியின் வக்கீல்களே எழுதி வைத்திருக்கும் பகுதி அது. எந்த புரொஃபைல் சேவையும் அந்த அளவுக்கு நேர்மையாக எழுதாது.

அதில் எனக்குக் கிடைத்தது ஒரு மீட்டர்.

பெரும்பாலான மென்பொருள் கம்பெனிகள் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று விற்கும். வாங்கியவர் திறந்துகூடப் பார்க்காவிட்டாலும் காசு வந்துவிடும். ஸ்னோஃப்ளேக் அப்படி இல்லை, கரண்ட் கம்பெனி மாதிரி. வாடிக்கையாளர் ஒரு தொகைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அது வருமானமாகக் கணக்கில் ஏறும். அவர்கள் கரண்ட் யூனிட்டுக்குப் பெயர் கிரெடிட். கணக்குப் போடும் எந்திரத்துக்குப் பெயர் ‘வேர்ஹவுஸ்’. பெயரைக் கேட்டால் டேட்டாவைக் குவித்து வைக்கும் கிடங்கு என்று தோன்றும், ஆனால் இது மோட்டார். டேட்டா தனியாக ஓர் இடத்தில் இருக்கும், அதற்குத் தனி வாடகை, அது சொற்பம். இந்தப் பிரிப்புதான் 2012-ல் கம்பெனியைத் தொடங்கிய மூன்று பேரின் யோசனை. பெனுவா டாஜ்வில், தியரி க்ரூவானே இரண்டு பேரும் ஆரக்கிளிலிருந்து வந்தவர்கள், மார்சின் ஜுகோவ்ஸ்கி வெக்டர்வைஸிலிருந்து. டேட்டாவை ஓர் இடத்தில் வை, மோட்டாரை வேண்டும்போது மட்டும் ஓட்டு, ஆளுக்கொரு மோட்டார்கூட ஓட்டிக்கொள்.

ஆகச் சின்ன மோட்டார் எக்ஸ்-ஸ்மால், மணிக்கு ஒரு கிரெடிட். ஒவ்வொரு அளவு ஏறும்போதும் இரட்டிப்பு: ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8, இப்படியே மேலே போகும். அமெரிக்காவில் அடிப்படைப் பதிப்பில் ஒரு கிரெடிட்டின் பட்டியல் விலை 2 டாலர், எண்டர்பிரைஸ் பதிப்பில் 3. விநாடிக் கணக்கில் பில், ஆனால் ஒவ்வொரு முறை மோட்டாரைப் போடும்போதும் குறைந்தது 60 விநாடி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே குறைந்தபட்சக் கட்டணம் என்பார்களே, அது.

இதைப் படித்துப் புரிந்துகொண்டதாக நினைத்தேன். புரியவில்லை என்று ஒன்பதாம் நாள் தெரிந்தது. புதிதாக வருபவர்களுக்கு 30 நாள், 400 டாலர் மதிப்புக்கு இலவசமாகத் தருகிறார்கள். கார்டுகூடக் கேட்கவில்லை. விற்கிற பொருளைத் தொட்டுப் பார்க்காமல் விற்கக்கூடாது என்று அடிப்படைப் பதிப்பில் ஒரு கணக்கைத் திறந்தேன். ஆகச் சின்ன மோட்டார், எண்களைக் காட்டும் ஒரே ஒரு திரை, அதாவது டாஷ்போர்டு, அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். வேலை இல்லாவிட்டால் தானாக அணைந்துகொள்ள ‘ஆட்டோ சஸ்பெண்ட்’ என்று ஒரு வசதி இருக்கிறது, அதற்குப் பத்து நிமிஷம் கொடுத்தேன். தாராளமாக இருக்கட்டுமே என்று.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்புகிறேன், பத்து நிமிஷம் சும்மா இருந்தால்தான் தூங்கும். எப்போது தூங்கும்? தூங்கவே இல்லை. டேட்டாவிடம் கேட்கும் கேள்வி, அதாவது குவெரி, ஓடியது ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி. நாள் முழுக்கக் கூட்டினாலும் கால் மணி நேரத்துக்கும் குறைவான வேலை. நான் எரித்தது 24 மணி நேரம், 24 கிரெடிட், 48 டாலர். ஒன்பதாம் நாள் காலையில் 400 டாலரும் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் எஞ்சினியர் பையனிடம் காட்டினேன். சிரிக்காமல் இருக்க ரொம்ப முயற்சி செய்தான். “அண்ணா, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டா பழைய பதிலையே சும்மா குடுத்துடும், மோட்டாரே தேவையில்ல. நீங்க கேள்விக்குள்ள இப்ப மணி என்னன்னு சேர்த்துட்டீங்க. அதுக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கேள்வி” என்றான். ஆட்டோ சஸ்பெண்டை 60 விநாடியாக வைத்திருந்தால் அதே டாஷ்போர்டுக்கு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் ஓடியிருக்கும்.

அந்த 14 பக்கத்தில் இல்லாத வலி இதுதான். ஸ்னோஃப்ளேக் வாங்கிய ஒவ்வொரு கம்பெனியிலும் என்னைப் போல ஒருவர் ஏதோ ஒரு மூலையில் ஒரு மோட்டாரை அணைக்க மறந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது, நிதித் துறைக்கு மாதக் கடைசியில் தெரியும். என் ஆறு பேரையும் கூப்பிட்டு இந்த 400 டாலர் கதையைச் சொன்னேன். அவர்கள் இன்றைக்கும் போனில் முதலில் சொல்வது இதைத்தான். “எங்கள் மேனேஜரே இப்படிச் செய்தார்” என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் யாரும் போனை வைப்பதில்லை. என் மானம் போகிறது, பரவாயில்லை.

மீட்டர் பிடிபட்டதும் மற்ற எண்கள் தானாகப் பேசத் தொடங்கின. 2025 ஜனவரி 31-ல் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 363 கோடி டாலர், அதில் 346 கோடி மீட்டர் ஓடிய காசு. வாடிக்கையாளர்கள் 11,159. அவர்களில் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழிப்பவர்கள் 580. இந்த 580-தான் என் மேனேஜரின் நோட்டில் பேனாவால் எழுதவேண்டிய வரி. ஒப்பந்தம் போட்டு இன்னும் மீட்டரில் ஓடாத தொகை 690 கோடி டாலர். இவ்வளவுக்கும் அந்த வருஷம் நிகர நஷ்டம் சுமார் 129 கோடி டாலர். ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்குகளின் மதிப்பு பெரிய செலவாக ஏறுவது அதற்கு முக்கியக் காரணம்.

இன்னொரு எண் இருக்கிறது, நான் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியது. போன வருஷம் 100 ரூபாய் செலவழித்த அதே வாடிக்கையாளர்கள் இந்த வருஷம் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கணக்கு. 2022 ஜனவரியில் அது 178. அடுத்த வருஷம் 158. அதற்கடுத்து 131. 2025 ஜனவரியில் 126. இப்போதும் நல்ல எண்தான், பல கம்பெனிகள் இதற்கு ஏங்கும். ஆனால் மூன்று வருஷத்தில் 178 எப்படி 126 ஆனது? வாடிக்கையாளர்கள் அணைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது அதில் ஒரு பகுதி. எங்கள் தொழில் நடப்பதே அந்தச் சரிவில்தான்.

இங்கே ஒரு பழைய அவமானத்தையும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி மீட்டரில் விற்கும் வேறொரு கம்பெனியோடு கூட்டு சேரப் பார்த்தோம். பெயர் வேண்டாம். அவர்களுடைய விற்பனைக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்து, “உங்கள் வாடிக்கையாளரின் பில்லை முப்பது சதவீதம் குறைத்துத் தருகிறோம்” என்று மூன்று மாதம் மெயில் போட்டோம். மரியாதையான பதில்கள் வந்தன, அடுத்த காலாண்டில் பேசலாம், அதற்கடுத்த காலாண்டில் பேசலாம் என்று. மீட்டர் ஓடினால்தான் அவர்களுக்கு இன்சென்டிவ் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஆட்டோக்காரரிடம் போய்ப் பயணிக்குக் குறுக்கு வழி சொல்லித் தருகிறேன், நீங்கள் சிபாரிசு செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஸ்னோஃப்ளேக்கிலும் விற்பவர்களின் ஊக்கத்தொகை நுகர்வைப் பார்த்துக் கணக்கிடும் பக்கமாக நகர்ந்திருக்கிறது. அதே மெயிலை அவர்களுக்கும் போட இருந்தோம், ஏப்ரல் மாத வரைவுப் பெட்டியில் அது இன்னும் கிடக்கிறது.

அப்படியானால் அந்தக் கதவைத் தட்டவே கூடாதா? இங்கேதான் பழைய அறிக்கைகளைத் தோண்டியது பலன் தந்தது. 2022 மார்ச்சில் ஸ்னோஃப்ளேக் தன் மோட்டாரையே மேம்படுத்துவதாக அறிவித்தது. அதே வேலை குறைந்த நேரத்தில் முடியும், அதாவது வாடிக்கையாளருக்கு பில் குறையும். இதனால் அந்த நிதியாண்டில் தங்களுக்கு சுமார் 9.7 கோடி டாலர் வருமானம் குறையும் என்று முதலீட்டாளர்களிடம் அவர்களே சொன்னார்கள். பங்கு விலை அடி வாங்கியது. ஏன் செய்தார்கள்? விலை குறைந்தால் இன்னும் நிறைய வேலையை நம்மிடம் கொண்டுவருவார்கள் என்ற கணக்கு. இட்லி விலையைக் குறைத்தால் நாலுக்குப் பதில் ஆறு சாப்பிடுவார்கள் என்று நினைக்கும் ஓட்டல்காரரின் கணக்கு.

இன்னொன்றும் கிடைத்தது, இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கியது. ஐபிஓவின்போது ஸ்னோஃப்ளேக் தந்த ஆவணத்தில், 2020 ஜனவரியில் முடிந்த ஆண்டின் வருமானத்தில் 11 சதவீதம் கேபிட்டல் ஒன் என்ற ஒரே வங்கியிலிருந்து வந்ததாக இருக்கிறது. அந்த வங்கி என்ன செய்தது? தன் ஸ்னோஃப்ளேக் செலவைக் கட்டுப்படுத்தத் தனக்குள்ளே ஒரு கருவி செய்துகொண்டு, 2022 ஜூனில் அதை ஸ்லிங்ஷாட் என்ற பெயரில் வெளியாருக்கும் விற்கத் தொடங்கிவிட்டது. நேரடிப் போட்டி, அதுவும் ஒரு வங்கி. எங்கள் 14 பக்கத்தில் ‘போட்டியாளர்கள்’ என்ற பெட்டியில் டேட்டாபிரிக்ஸ், கூகுள் பிக்குவெரி, அமேசான் ரெட்ஷிஃப்ட் என்று வரிசையாக லோகோ இருந்தது. அதெல்லாம் ஸ்னோஃப்ளேக்கின் போட்டி. அந்தக் கம்பெனியைச் சுற்றிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு யார் போட்டி என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச்சை மாற்றினோம். ‘பில்லைக் குறைக்கிறோம்’ என்பது வாடிக்கையாளரின் நிதித் துறைக்கு. ‘வீணாகப் போகும் கிரெடிட்டை மீட்டு அடுத்த வேலைக்குக் கொடுக்கிறோம், பில்லைப் பார்த்து மிரண்டு வேறு இடம் தேட மாட்டார்கள்’ என்பது ஸ்னோஃப்ளேக் ஆளுக்கு. பொருள் ஒன்றுதான். பொய்யும் இல்லை, வாடிக்கையாளர் மிரள்வதை அங்கே யாரும் விரும்புவதில்லை.

ஆட்களைப் பற்றி. 14 பக்கத்தில் இருந்த சிஇஓ போய், வந்திருப்பவர் ஸ்ரீதர் ராமசாமி. சென்னை ஐஐடியில் படித்துவிட்டு பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், கூகுளில் பதினைந்து வருஷம், அங்கே விளம்பரப் பிரிவுக்கே தலைவர். பிறகு நீவா என்று ஒரு தேடுபொறி தொடங்கினார், அதை 2023-ல் ஸ்னோஃப்ளேக் வாங்கியது, அதோடு அவரும் வந்தார். அடுத்த ஆண்டே சிஇஓ. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். “அண்ணா, தமிழ்ல வணக்கம்னு ஆரம்பிச்சு ஒரு மெயில் போடவா?” ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் விலையுள்ள ஒரு கருவிக்காக சிஇஓவுக்கு மெயில் போடுவது, கலெக்டரிடம் போய் ரேஷன் கார்டில் எழுத்துப் பிழை திருத்தச் சொல்வது மாதிரி. போட வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அவர் தமிழ் தெரிந்தவரா என்பதைவிட, அவர் வந்தபின் யார் யார் மாறினார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. 2025 தொடக்கத்தில் விற்பனைத் தலைவர் மாறினார். போனவர் கிறிஸ் டெக்னன், கம்பெனிக்கு வருமானமே இல்லாத நாளிலிருந்து விற்பனையைக் கட்டியவர். அதே நேரத்தில் நிதித் தலைவர் மைக் ஸ்கார்பெல்லி ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். ஒன்றரை வருஷத்துக்குள் மேலே மூன்று நாற்காலி ஆடினால் கீழே பிராந்தியம் பிரிப்பது, அக்கவுண்ட் கைமாறுவது எல்லாம் நடக்கும். மெடிக்கல் ரெப் வேலையில் ஏரியா மேனேஜர் மாறிய மாதம் யாரும் பெரிய ஆர்டர் எடுக்க மாட்டார்கள், ஆனால் புதிய ஆளிடம் அறிமுகமாவதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

2024-ல் நடந்த திருட்டும் தெரிந்திருக்க வேண்டும். கேட்கிற முதல் பாதுகாப்பு அதிகாரி அதைத்தான் கேட்பார். டிக்கெட்மாஸ்டர், சான்டாண்டர், ஏடி அண்ட் டி போன்ற வாடிக்கையாளர்களின் டேட்டா அவர்களுடைய ஸ்னோஃப்ளேக் கணக்கு வழியாக எடுக்கப்பட்டது. விசாரித்த மாண்டியன்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது, சுமார் 165 கம்பெனிகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்றும், ஸ்னோஃப்ளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்படவில்லை, வேறெங்கோ திருடப்பட்ட பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டு நுழைந்தார்கள் என்றும். அந்தக் கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. வீட்டுக்காரர் பூட்டைச் சரியாகப் போடவில்லை என்றாலும், பூட்டைக் கட்டாயமாக்காத பில்டரையும் கேட்பார்கள் அல்லவா? அதே ஆண்டு இறுதியில் புதிய கணக்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். எங்களுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. எங்கள் கருவியும் வாடிக்கையாளரின் கணக்குக்குள் நுழைந்துதான் பில்லைப் படிக்கிறது. பாஸ்வேர்டு கேட்காமல் கீ வைத்து நுழைகிறோம் என்பதை முன்பு ஏழாவது ஸ்லைடில் வைத்திருந்தோம், இப்போது இரண்டாவது.

ஐஸ்பெர்க் பற்றி எழுதினால் நீளும், சுருக்கமாகச் சொல்கிறேன். டேட்டாவை ஸ்னோஃப்ளேக்கின் சொந்தப் பெட்டியில் வைக்காமல், யார் மோட்டாரும் படிக்கக்கூடிய திறந்த வடிவத்தில் வெளியே வைத்துக்கொள்ளும் முறை அது. 2024 ஜூனில் ஸ்னோஃப்ளேக்கின் வருடாந்திர மாநாடு நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், ஐஸ்பெர்க்கை உருவாக்கியவர்கள் நடத்திய டேபுலர் என்ற சின்ன கம்பெனியை வாங்குவதாக டேட்டாபிரிக்ஸ் அறிவித்தது. கல்யாண வீட்டு வாசலில் பட்டாசு வெடிப்பது என்பார்களே, அப்படி. வாடிக்கையாளருக்கு வெளியேறும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அது தெரிந்த ஸ்னோஃப்ளேக் ஆள் முன்னைவிடப் பொறுமையாகப் பேசுவார்.

14 பக்கத்தில் ஐந்து பக்கம் ஏஐ. இந்தச் சேவைக்கும் ஏஐதான் எழுதித் தருகிறது என்று நினைக்கிறேன், அந்த வாக்கியங்களுக்கு எலும்பே இல்லை. உள்ளே இருக்கும் விஷயம் சின்னது. டேட்டா இருக்கும் இடத்துக்கே மொழி மாதிரிகளைக் கொண்டுவருவதுதான் கார்ட்டெக்ஸ் என்ற வசதி. ஆயிரக்கணக்கான புகார்க் கடிதங்கள் ஒரு டேபிளில் இருந்தால், சாதாரண குவெரிக்குள்ளேயே ‘இதைச் சுருக்கு, இது கோபமா சந்தோஷமா சொல்லு’ என்று கேட்கலாம். 2024 ஏப்ரலில் ஆர்க்டிக் என்று சொந்தமாக ஒரு பெரிய மாதிரியை வெளியிட்டார்கள், 48,000 கோடி அளவுருக்கள் கொண்டது. பின்னர் ஆந்த்ரோபிக், மெட்டா போன்றவர்களின் மாதிரிகளை உள்ளே வைத்து விற்பதில்தான் பேச்சு அதிகம். அது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. யாருடைய மொழி மாதிரி ஓடினாலும் காசு கிரெடிட்டில்தான் போகிறது. மீட்டர் அவர்களுடையது. எஞ்சினியர் பையன் ஒரு நாள் ஒரு பெரிய டேபிள் மேல் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணா, உங்க டாஷ்போர்டு எவ்வளவோ பரவாயில்ல” என்றான். தொகையைச் சொல்ல மறுத்துவிட்டான்.

கடைசியில் எங்கள் கையில் ஒரே பக்கம். மேலே பேனாவில்: மீட்டர் எப்படி ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள், யாருக்கு அது ஓடினால் லாபம், யாருக்கு நின்றால் லாபம். நடுவில் அந்த நான்கு எண்கள், 178-லிருந்து 126 வரை. நிதியாண்டு ஜனவரி 31-ல் முடிகிறது, அதனால் டிசம்பரும் ஜனவரியும் அங்கே யாரும் புதுப் பேச்சுக்குக் காது கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு குறிப்பு. சிஇஓவின் கல்லூரி பக்கத்தின் அடியில், பென்சிலில். எழுதி முடிக்க நாலு இரவு ஆனது. அதை எடுத்துக்கொண்டு முதல் மாதம் பேசியதில் ஒன்பது சந்திப்புகள் கிடைத்தன, அதற்கு முந்தைய மாதம் மூன்று. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்பு போஸ்மனில் ஆபீஸ் இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது.

சேவையை ஒரேயடியாகத் திட்டிவிடக் கூடாது. போன் நம்பர்களில் அது கெட்டி. பத்து நம்பர் எடுத்தால் ஆறேழு சரியாக இருக்கும், வேறு வழியில் அதைத் தேட ஆள் கணக்கில் நேரமாகும். யாராவது வேலை மாறினால் வரும் அறிவிப்பும் சில சமயம் உதவுகிறது, ஸ்லூட்மன் விஷயத்தில் அது தூங்கிவிட்டது என்றாலும். நம்பர் புத்தகமாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புரொஃபைலுக்கு ஒன்று, அதுவும் அட்டைக்காக. சின்ன குழுக்கள் இரண்டு சீட்டுக்கு மேல் வாங்க வேண்டாம், நம்பர் எடுக்க ஒருவர் போதும்.

ஜூலையில் சந்தா புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஆறு சீட்டை இரண்டாக்கினோம். மிச்சமான காசில் ஒரு பகுதியை எடுத்து ஸ்னோஃப்ளேக்கிலேயே காசு கட்டும் கணக்கு ஒன்று திறந்தோம், பிள்ளைகள் தொட்டுப் பழகட்டும் என்று. வேர்ஹவுஸ் எக்ஸ்-ஸ்மால். ஆட்டோ சஸ்பெண்ட் 60 விநாடி. அதை மாற்றும் அனுமதி எஞ்சினியர் பையனிடம் இருக்கிறது. எனக்குத் தரவில்லை.